சின்னப் பிள்ளைக்கும் ஸ்ட்ரோக் வருமா? நிலாவெளித் தம்பி கேட்டதுக்கு ஒரு நீட்டுப் பதில்

தம்பி, நீங்க எழுதினதை வாசிக்கிற மற்றவங்களுக்கும் விளங்கட்டுமெண்டு முதல்ல சுருக்கிச் சொல்லிடுறன். நிலாவெளியில இருக்கிற உங்கட அக்காட மகளுக்கு 6 வயசு. காலம்பர கிணத்தடியில பல்லு விளக்கிக்கொண்டு நிக்கேக்க பிரஷ் கையால நழுவி விழுந்திருக்கு, குனிஞ்சு எடுக்கப் போனவ அப்பிடியே வலப்பக்கமாச் சரிஞ்சிட்டா, வாய் கோணி கதையும் குழறிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி, அங்கயிருந்து கொழும்புக்கு அனுப்பி, எம்ஆர்ஐ ஸ்கான் எடுத்து ஸ்ட்ரோக், அதாவது மூளை ரத்தக்குழாயில வாற வருத்தம், எண்டு சொல்லிட்டாங்க. 4 மாசத்துக்கு முதல் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அதுதான் சின்னம்மை, வந்து மாறினது. இப்ப ஆஸ்பிரின் குடுத்து விட்டிருக்காங்க. அம்மம்மா கண்ணூறு எண்டுறா, அக்கா தன்ர பிழையெண்டு அழுறா, உங்களுக்குத் தெரிய வேண்டியது: எப்பிடி வந்தது, பிள்ளைக்கு ஆஸ்பிரின் குடுக்கலாமா, திரும்ப வருமா, கை சரி வருமா.

நான் சிறுவர் வார்ட்லயும் கிளினிக்லயும் கனகாலம் வேலை செய்த டொக்டர். உங்கட மருமகளை நான் பார்க்கேல்ல, அவட ஸ்கானையும் பார்க்கேல்ல, அதால பிள்ளையைப் பார்க்கிற டொக்டர் சொல்றதுக்கும் நான் எழுதுறதுக்கும் எங்கயாவது இடிச்சா அவர் சொல்றதையே கேளுங்கோ.

வரும் தம்பி, சின்னப் பிள்ளைக்கும் வரும். தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்கயே வாறதும் இருக்கு. மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைபட்டா ஒரு வகை, குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சா இன்னொரு வகை, மூளையில இருந்து ரத்தம் திரும்பி வாற பெரிய நாளம் உறைஞ்சு அடைபட்டா மூண்டாவது வகை. வெளிநாட்டுக் கணக்குகளில ஒரு லட்சம் பிள்ளைகளில வருஷத்துக்கு ஒண்டு ரெண்டு பேருக்கு அடைப்பு ஸ்ட்ரோக் வருது, பிறந்த குழந்தைகளில இது கூட, ஏறக்குறைய 2500 தொடக்கம் 4000 பிறப்புக்கு ஒண்டு. பெரியாக்களில பெரும்பாலும் அடைப்புத்தான், பிள்ளைகளில அடைப்பும் கசிவும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வரும். பெரியாக்களுக்கு பிரஷர், சீனி, சிகரெட், கொலஸ்ட்ரோல் எண்டு காரணம் முன்னுக்கே நிக்கும், அதைக் கட்டுப்படுத்துறதுதான் அவங்களுக்கு வைத்தியம். பிள்ளைக்கு அதெல்லாம் இல்ல. அதால பிள்ளைக்கு ஸ்ட்ரோக் எண்டு சொன்னதோட வேலை முடியாது, ஏன் வந்தது எண்டு தேடுறதிலதான் தொடங்கும். என்ன மருந்து, எத்தினை நாளுக்கு, திரும்ப வருமா, தம்பி தங்கச்சிக்கும் பார்க்க வேணுமா எண்டுறதெல்லாம் அந்த ஏனிலதான் தொங்குது. கனபேர் கொழும்புக்குப் போய் வந்த அலுப்பில, பிள்ளை நடக்கத் தொடங்கிட்டுது எண்டவுடன அந்தத் தேடலை அரைவாசியில விட்டிடுவாங்க. எனக்குக் கோவம் வாற இடம் அதுதான்.

உங்கட மருமகளைப் பொறுத்தவரைக்கும் நீங்க எழுதினதில என்ர கண்ணில முதல் பட்டது அந்த அம்மாள் வருத்தம். சின்னம்மை வைரஸ் தோல் காய்ஞ்சதோட உடம்பை விட்டுப் போறதில்ல, நரம்பு முடிச்சுகளுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கும். முகத்துக்கு வாற நரம்பின்ர கிளைகள் மூளையின்ர பெரிய ரத்தக்குழாய்களையும் தொடுது, சில பிள்ளைகளில வைரஸ் அந்த வழியால குழாயின்ர சுவருக்குப் போய் அழற்சியை உண்டாக்கும், சுவர் உள்ளுக்குள்ள வீங்கி வழி ஒடுங்கும், ஒடுங்கின இடத்தில ரத்தம் கட்டியாகும். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குழாய் மட்டும், மூளைக்குள்ள பிரியிற முதல் கிளைகளில. அங்கயிருந்து ரத்தம் வாங்குற ஆழமான பகுதிதான் கை கால் அசைவுக்குரிய பாதை போற இடம், அதாலதான் ஒரு பக்கம் விழுறது. அம்மை மாறி கிழமைக்கணக்கில இருந்து 12 மாசத்துக்குள்ள வந்தா இதை யோசிக்க வேணும், முதல் 6 மாசந்தான் கூடப் பயம். இதை வாசிச்சிட்டு அம்மை வந்த பிள்ளைகளின்ர தாய்மார் நித்திரை இல்லாம இருக்க வேண்டாம், அம்மை வாற ஏறக்குறைய 15,000 பிள்ளைகளில ஒண்டுக்குத்தான் இப்பிடி நடக்குது எண்டு ஒரு கணக்கிருக்கு. அம்மை இல்லாம சாதாரண தடிமன் காய்ச்சலுக்குப் பிறகும் இதே மாதிரி ஒரு பக்கக் குழாய் ஒடுங்கலாம். உங்கட அக்காவுக்குச் சொல்லுங்கோ, வேப்பிலையில படுக்க வச்சதாலயும் இல்ல, தலைக்கு வெள்ளன வாத்ததாலயும் இல்ல. தடுப்பூசி இருக்கு, ஆனா எங்கட அரசாங்க அட்டவணையில சேர்க்கேல்ல, பிரைவேட்ல காசு குடுத்துத்தான் போட வேணும், எத்தினை பேரால ஏலும்? அக்கா அதுக்கும் தன்னைக் குத்திக்கொள்ளத் தேவையில்ல.

அம்மை வந்த பிள்ளையெண்டா காரணம் அம்மைதான் எண்டு கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. மற்றதையும் பார்த்துக் கழிக்க வேணும். அதில முதலாவது மோயாமோயா எண்டுற வருத்தம். ஜப்பான் டொக்டர்மார் 1950களில எழுதத் தொடங்கினது. மூளைக்குப் போற ரெண்டு பக்கப் பெரிய குழாயும் வருஷக்கணக்கில மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டே போகும், அதுக்கு ஈடு குடுக்க நூல் நூலாச் சின்னக் குழாய்கள் முளைக்கும். கிளினிக்கில ஒரு தாய் சொன்னா, மகனுக்கு பிறந்தநாள் அண்டைக்கு பலூன் ஊதிக்கொண்டு இருக்கேக்க இடக்கை தொங்கிப் போய் கொஞ்ச நேரத்தில தானாச் சரி வந்ததாம், பிறகு ஒருநாள் விக்கி விக்கி அழேக்கயும் அப்பிடித்தானாம், வீட்டில எல்லாரும் பிடிவாதத்துக்கு நடிக்கிறான் எண்டு ஏசியிருக்காங்க. நடிப்பில்ல அது. வேகமா மூச்சு விடேக்க ரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையும், குறைஞ்சா மூளையின்ர குழாய்கள் சுருங்கும், ஏற்கனவே ஒடுங்கின பிள்ளைக்கு அந்தச் சுருக்கமே காணும் கை விழ. சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கேக்க, புல்லாங்குழல் பழகேக்க, ஓடி விளையாடேக்க இப்பிடி ஒரு பக்கம் விட்டு விட்டு ஏலாமப் போனா தயவுசெய்து காட்டுங்கோ. இதுக்கு மருந்தால குழாயைத் திறக்க ஏலாது, மண்டைத் தோலுக்கு வாற குழாயை மூளைக்கு ரத்தம் குடுக்கிற மாதிரித் திருப்பி விடுற ஒபரேஷன் இருக்கு, பெரிய ஸ்ட்ரோக் ஒண்டு வர முதல் செய்தா நல்ல பலன்.

கழுத்துக் குழாய் உள்சுவர் கிழியிறதும் ஒரு காரணம், மரத்தால விழுந்தது, கழுத்தில பந்து பட்டது, மோட்டச்சைக்கிள் அக்சிடென்ட். சலூன்ல முடி வெட்டி முடிய கழுத்தைப் பிடிச்சு டக்கெண்டு முறிக்கிற பழக்கம் எங்கட ஊரில இன்னும் இருக்கு, பெரியாக்களுக்கே ஆபத்து, பெடியன்மாருக்கு அதைச் செய்ய விடாதீங்க.

அடுத்தது இதயம். பிறவியிலயே இதயத்தில ஓட்டை, அதுவும் அழேக்க உதடும் நகமும் நீலமாப் போற வகை, அதில ரத்தக்கட்டி ஒண்டு நுரையீரலுக்குப் போகாம நேர மூளைக்குப் போயிடலாம். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் தடிப்பு, வயித்தோட்டம் வந்து தண்ணி குறைஞ்சா இன்னும் தடிக்கும், அதால வயித்தோட்டத்தை சின்ன விஷயமா எடுக்க வேண்டாம். வாதக் காய்ச்சலால பழுதான வால்வு, வால்வில கிருமி பிடிக்கிறது, இதய ஒபரேஷனுக்கு முன்பின்னான நாட்கள், இதுகளும் இந்தக் கணக்குத்தான். நீலப் பிள்ளையின்ர பல்லுச் சூத்தையைக் கூட சும்மா விடக்கூடாது எண்டு டொக்டர்மார் ஆய்க்கினை பண்ணுறது இந்தக் கிருமிக்குப் பயந்துதான்.

ரத்தத்தால வாறது எண்டு பார்த்தா, ரத்தம் உறையாமத் தடுக்கிற இயற்கையான புரதங்கள் சில பிறவியிலயே குறைவா இருக்கிறது, சிக்கிள் செல் எண்டுற அரிவாள் வடிவச் செல் வருத்தம், உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குற லூபஸ் மாதிரியான வருத்தங்கள். சிக்கிள் செல் எங்கட பக்கத்தில குறைவு, ஆனா ஆப்பிரிக்காவில பிள்ளை ஸ்ட்ரோக்குக்கு அது ஒரு பெரிய காரணம், அதுக்கு மட்டும் முன்கூட்டியே ஸ்கான்ல ரத்த ஓட்ட வேகத்தைப் பார்த்து, ஒழுங்கா ரத்தம் ஏத்தி, ஸ்ட்ரோக் வராமத் தடுக்கிற வழி 1998லயே நிரூபிச்சாச்சு. எங்கட வீடுகளில நான் கூடப் பயப்பிடுறது சாதாரண இரும்புச்சத்துக் குறைவு. ரெண்டு வயசுப் பிள்ளை சோறு தின்னாம போத்தல் பாலிலயும் பிளேன்டீலயும் பிஸ்கட்லயும் வளரும், பார்த்தா குண்டா இருக்கும், கண் இமையைக் கீழ இழுத்தா உள்ளுக்கு வெள்ளை. இந்த ரத்தக்குறைவு பிள்ளைகளின்ர ஸ்ட்ரோக்கோட, முக்கியமா நாளம் உறையிறதோட, சேர்ந்து வாறது நல்லாத் தெரிஞ்ச விஷயம். தேத்தண்ணி இரும்பை உடம்பு எடுக்க விடாது, சின்னதுகளுக்கு அதை ஊத்திக் குடுக்கிறதை நிப்பாட்டினாலே பாதி வேலை முடியும்.

6 மாசத்துக்கும் ஒண்டரை வயசுக்கும் இடையில இன்னொண்டு இருக்கு, தெற்காசியப் பிள்ளைகளில கன இடத்தில எழுதப்பட்டது. பிள்ளை கட்டிலால சின்ன விழுகை விழும், மண்டை உடையாது, வீக்கம் கூட இருக்காது, ஆனா கொஞ்ச நேரத்தில அல்லது அடுத்தநாளுக்குள்ள ஒரு பக்கக் கை கால் ஆடாது. மூளையின்ர ஆழத்தில இருக்கிற மெல்லிய குழாய்களில சுண்ணாம்பு படிஞ்ச பிள்ளைகளுக்கு இது வாறது, சீடி ஸ்கான்ல கோடு கோடாத் தெரியும். பெரும்பாலும் நல்லாத் தேறும், ஆனா திரும்ப விழுந்தா திரும்ப வரலாம், அதால அந்தப் பிள்ளையை நிலத்தில பாய் போட்டு வளத்துங்கோ.

நாளம் உறையிற வகையை இங்க கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேணும், ஏனெண்டா அது ஒரு பக்கம் விழுற பாரிசவாதம் மாதிரி வராது. தலையிடி, சத்தி, நித்திரைத்தன்மை, ஒண்டை ரெண்டாப் பார்க்கிறது, பிறகு வலிப்பு. காது சீழ் வடியிற பிள்ளை, காதுக்குப் பின்னால வீங்கி காது முன்னுக்குத் தள்ளி நிண்டா, அதோட தலையிடியும் சத்தியும் வந்தா, ஸ்கான் எடுக்காம அனுப்பக் கூடாத பிள்ளை அது. வெத்திலைச் சாறோ சுடவச்ச எண்ணெயோ காதுக்குள்ள விடுறது வேண்டாம். சிறுநீரில புரதம் போய் உடம்பு வீங்குற நெஃப்ரோட்டிக் வருத்தம், லூக்கிமியா மருந்து, கடும் வயித்தோட்டம், இதுகளாலயும் நாளம் உறையும். இதுக்கு ரத்தம் உறையாம ஹெபரின் ஊசி போடுவாங்க, பிறகு மாசக்கணக்கில தொடருவாங்க, காதையும் சேர்த்துச் சுகப்படுத்துவாங்க.

ரத்தக்கசிவு வகைக்கு பிறவியில குழாய்கள் பின்னிக்கொண்டு உருவான முடிச்சுத்தான் பெரிய காரணம், அது வெடிக்கிற வரைக்கும் பிள்ளை ஒண்டும் தெரியாம பள்ளிக்கூடம் போகும், பிறகு ஒருநாள் தலையைப் பிடிச்சுக்கொண்டு சத்தி எடுத்து மயங்கும். ரத்தம் லேசில உறையாத ஹீமோஃபீலியா வருத்தம், பிளேட்லெட் எண்டுற ரத்தத்தட்டுகள் மோசமாக் குறையிறது, பிறந்தவுடன போட வேண்டிய விட்டமின் கே ஊசி போடாமப் போறது, மூளைக்காய்ச்சல், இதுகளும் உண்டு. கந்தளாய்ப் பக்கம் வயல் வழியா நடக்கிற பிள்ளைகளுக்கு இன்னொண்டு, கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையிற ஒழுங்கே குழம்பும், மூளைக்குள்ள கசிவும் அடைப்பும் ரெண்டுமே வரலாம், அதால கடிச்ச கையோட விஷக்கல்லுத் தேடி அலையாம ஆஸ்பத்திரிக்கு.

பிறந்த குழந்தைக்கு வாற ஸ்ட்ரோக் வேற மாதிரி. முதல் ஒண்டு ரெண்டு நாளில ஒரு கை மட்டும் விட்டு விட்டு வெட்டி இழுக்கும், அப்ப பிடிபட்டா பிடிபட்டது. இல்லாட்டி மாசக்கணக்கில ஒருத்தருக்கும் தெரியாது. ஊசி போட வந்த 7 மாசப் பிள்ளை ஒண்டு தாயின்ர மடியில இருந்தது, நான் வலப்பக்கமா கிலுக்கட்டியை நீட்டுறன், பிள்ளை உடம்பை முறிச்சுத் திருப்பி இடக்கையாலதான் எட்டிப் பிடிக்குது, வலக்கை கட்டைவிரலை உள்ளுக்கு மடிச்சு முட்டியாப் பொத்திக்கொண்டு நெஞ்சோட கிடக்கு. தாய் சந்தோஷமாச் சொல்றா, அவட அப்பா மாதிரியே இடக்கைப் பிள்ளை டொக்டர். ஒரு வயசுக்கு முதல் எந்தப் பிள்ளையும் இடக்கையோ வலக்கையோ ஆகிறதில்ல, ரெண்டு கையையும் ஒரே மாதிரிப் பாவிக்க வேணும். ஒரு கையை மட்டும் பாவிச்சா மற்றக் கையில பிரச்சினை இருக்கெண்டு எடுத்து, மிட்வைஃபுக்காவது சொல்லுங்கோ. இந்த வகைக்கு கனநேரம் காரணமே பிடிபடாது, ஆனா திரும்ப வாறது மிகக் குறைவு, அதால பெரும்பாலும் ஆஸ்பிரினும் தேவைப்படாது.

இனி நேரத்தைப் பத்தி. பிள்ளைக்கு ஸ்ட்ரோக் வரும் எண்டு ஒருத்தரும் நினைக்கிறதில்ல, வீட்டிலயும் சரி, சில இடங்களில எங்கட ஆக்களும் சரி, அதால பிடிபட ஒரு நாள் பிந்துறது பணக்கார நாடுகளிலயே நடக்குது. திடீரெண்டு வாய் கோணினா, ஒரு கை கால் விழுந்தா, கதை குழறினா, நடை தள்ளாடினா, காய்ச்சல் இல்லாம ஒரு பக்கம் மட்டும் வலிப்பு வந்தா, 1990 அம்பியுலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ, காசில்ல. கடைசியா எத்தினை மணிக்குப் பிள்ளை நல்லா இருந்தது எண்டு பார்த்து வையுங்கோ, எல்லாரும் முதல் கேக்கிற கேள்வி அதுதான். ஏலுமெண்டா ஃபோன்ல ஒரு வீடியோ. வாய்க்குள்ள தண்ணியோ தேனோ விபூதியோ வேண்டாம், விழுங்க ஏலாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குப் போகும். முந்தி கிண்ணியா ஆக்கள் பாதை எண்டுற மிதவைப் படகில ஏறிக் கடல் கடந்துதான் திருகோணமலை டவுனுக்கு வரவேணும், 2009ல பாலம் திறந்த பிறகு அந்தப் பிரச்சினை இல்ல, பிறகும் முதல்ல நூல் கட்டி, தண்ணி ஓதி, பின்னேரமா வாற பிள்ளைகளைக் கண்டிருக்கிறன். நூல் கட்டுறதைப் பத்தி எனக்கு ஒரு சண்டையும் இல்ல, அம்பியுலன்ஸுக்குள்ள வச்சுக் கட்டுங்கோ.

வாய் கோணினதெல்லாம் ஸ்ட்ரோக்கும் இல்ல. நெத்தியைச் சுருக்கச் சொன்னா ஒரு பக்கம் சுருங்காது, அந்தக் கண்ணையும் மூட ஏலாது, கை கால் நல்லா இருக்கு எண்டா அது பெரும்பாலும் முகநரம்பு வாதம். ஸ்ட்ரோக்கில நெத்தி சுருங்கும், வாய்தான் இழுக்கும். ஆனா அதை வீட்டில தீர்மானிக்க வேண்டாம், டொக்டர் பார்க்கட்டும். வலிப்பு வந்து முடிய சில மணித்தியாலம் ஒரு பக்கம் சோர்ந்து கிடக்கலாம், சீனி குறைஞ்சாலும் அப்பிடி வரலாம், அதாலதான் வந்தவுடன விரலில குத்திச் சீனி பார்க்கிறது. ஒற்றைத் தலையிடி, மூளை அழற்சி, கட்டி எண்டு இன்னும் இருக்கு.

ஸ்கான் விஷயத்தில ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. சீடி ரத்தக்கசிவை உடன காட்டும், ஆனா புது அடைப்பை முதல் மணித்தியாலங்களில தவறவிடலாம். அதால சீடி நோர்மல் எண்டு எழுதியிருந்தா ஸ்ட்ரோக் இல்லையெண்டு அர்த்தமில்ல, பிள்ளையின்ர கை விழுந்துதான் கிடக்கெண்டா எம்ஆர்ஐ வேணும், அதோட மூளைக் குழாய்களையும் கழுத்துக் குழாய்களையும் காட்டுற படமும், சந்தேகமெண்டா நாளங்களின்ர படமும். சின்னப் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள்ள அசையாமக் கிடக்காது, மயக்கம் குடுப்பாங்க, சாப்பாடு நிப்பாட்டச் சொன்ன நேரத்தில ஒரு பிஸ்கட் குடுத்தாலும் ஸ்கான் பிந்தும், ஆச்சிமாருக்கு இதைச் சொல்லி வையுங்கோ. பிறகு இதயத்துக்கு எக்கோ, ஈசிஜி, ரத்தத்தில ஒரு பட்டியல். அம்மைக்குப் பிறகெண்டா சிலநேரம் முதுகில ஊசி போட்டு மூளைத்தண்ணி எடுத்து வைரஸையும் பார்ப்பாங்க. உறைவுப் புரதங்களை ஸ்ட்ரோக் வந்த நாட்களில பார்த்தா பிழையான அளவு காட்டலாம், அதால சில டெஸ்ட்டை மாசங்கள் கழிச்சுத் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. அதைத்தான் கனபேர் விடுறது.

முதல் நாட்களின்ர வைத்தியம் பார்க்கச் சாதாரணமாத் தெரியும்: ஒட்சிசன், காய்ச்சலைக் குறைக்கிறது, சீனி ஏறாம இறங்காம வச்சிருக்கிறது, வலிப்பை அடக்கிறது, பிரஷரை வெட்டி இறக்காம விடுறது, விழுங்கப் பார்த்துத்தான் சாப்பாடு. ஆனா மூளையைக் காப்பாத்துறது இதுகள்தான். பெரியாக்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள்ள கட்டியைக் கரைக்கிற ஊசி போடுற மாதிரிப் பிள்ளைகளுக்கு வழமையாப் போடுறதில்ல, அமெரிக்காவில அதுக்கெண்டே தொடங்கின ஆராய்ச்சி, சேர்க்கப் பிள்ளைகள் காணாம 2013ல மூடப்பட்டது. குழாய் வழியாப் போய்க் கட்டியை இழுத்தெடுக்கிறது சில பெரிய இடங்களில, தெரிஞ்செடுத்த பிள்ளைகளுக்குச் செய்யிறாங்க. கசிவெண்டா நியூரோ சேர்ஜன்ட கையில.

ஆஸ்பிரினுக்கு வருவம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது எண்டு நீங்க கேள்விப்பட்டது சரிதான், காய்ச்சலுக்கு குடுக்கக் கூடாது. இன்ஃபுளுவென்சா, சின்னம்மை நேரத்தில குடுத்தா ரேய் எண்டுற ஈரல், மூளை வருத்தம் வரலாம், அரிது, ஆனா பொல்லாதது. உங்கட மருமகளுக்குக் குடுக்கிறது நிறைக்குக் கணக்குப் பார்த்த சின்ன டோஸ், ரத்தத்தட்டுகள் ஒண்டோடொண்டு ஒட்டுறதைக் குறைக்க. பொதுவா ரெண்டு வருஷமாவது குடுப்பாங்க. பிள்ளை ஓடி விளையாடுது எண்டு நீங்களா நிப்பாட்ட வேண்டாம். ஆனா எங்கட ஊரில ஒரு பெரிய ஆனா இருக்கு, டெங்கு. 2017ல கிண்ணியாப் பக்கம் அது அடிச்ச அடி எல்லாருக்கும் நினைவிருக்கும். டெங்கில பிளேட்லெட் குறையும், ஆஸ்பிரின் அதுக்கு மேல ரத்தப்போக்கைக் கூட்டும். அதால பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ரெண்டு மூண்டு நாள் பார்ப்பம் எண்டு இருக்காம அண்டைக்கே காட்டி, ஆஸ்பிரின் குடிக்கிற பிள்ளை எண்டதை முதல் வசனமாச் சொல்லி, அதைத் தொடர்றதா நிப்பாட்டுறதா எண்டு கேளுங்கோ. காய்ச்சலுக்கு நிறைக்குச் சரியான அளவு பனடோல் மட்டும், ப்ரூஃபென் வேண்டாம். வீட்டில யாருக்கும் சின்னம்மை அல்லது இன்ஃபுளுவென்சா வந்தாலும் சொல்லுங்கோ. டயக்னோசிஸ் கார்ட்டை ஃபோட்டோ எடுத்து அக்கா, அத்தான், நீங்க மூண்டு பேரின்ர ஃபோன்லயும் வையுங்கோ.

திரும்ப வருமா எண்டா, அம்மைக்குப் பிறகு வாற ஒடுக்கம் பெரும்பாலும் ஒருக்கா வந்து, முதல் சில மாசம் கூடிக் குறைஞ்சு, பிறகு நிலைச்சோ தேறியோ நிக்கும். பயம் கூட இருக்கிறதும் அந்த முதல் மாசங்களிலதான், மருந்து தவறக்கூடாததும் அதாலதான். ஸ்டீரொயிட் சில டொக்டர்மார் குடுப்பாங்க, அதின்ர பலனை இன்னும் ஆராய்ஞ்சுகொண்டு இருக்காங்க, குடுக்கேல்லையெண்டா பிழையில்ல. ஒடுக்கம் ரெண்டு பக்கமும் கூடிக்கொண்டு போனாத்தான் நான் மேல சொன்ன மோயாமோயாவை யோசிக்க வேணும், அதுக்குத்தான் திரும்ப எம்ஆர்ஐ.

கை. பிள்ளையின்ர மூளை எல்லாத்தையும் தானாச் சரிப்படுத்திடும் எண்டு வாறவன் போறவனெல்லாம் சொல்லுவான், அது அரை உண்மை. அனேகமான பிள்ளைகள் நடப்பாங்க, கதைப்பாங்க, ஆனா அரைவாசிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு குறை மிஞ்சும், கூடுதலா விரல் நுணுக்க வேலையில. கால் வெள்ளன வரும், கை பிந்தி வரும். வேலை செய்தாத்தான் வரும், கிழமைக்கு ஒருக்கா ஃபிசியோவுக்குப் போறது மட்டும் காணாது. நல்ல கையை தினமும் கொஞ்ச நேரம் உறையால மூடி வச்சு, பலவீனமான கையால மட்டும் விளையாட விடுற முறை நல்லாப் பலன் தரும், எவ்வளவு நேரமெண்டு தெரபிஸ்ட் சொல்லுவாங்க. நீங்க நிலாவெளியில இருக்கிறீங்க, உங்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்ல, ஈர மணலைப் பிசையிறது, சோகி பொறுக்கிப் போத்தலுக்குள்ள போடுறது, வீட்டில ரொட்டி மாக் குழைக்கிறது, கிளிப்பைத் திறந்து உடுப்புக் கொடியில குத்துறது. அம்மம்மாவுக்கும் வேலை குடுங்கோ, எண்ணெய் பூசி மெல்லத் தடவட்டும், ஆனா கையைப் பிடிச்சு இழுத்து நெட்டி முறிக்கிறது, சுடுதண்ணி ஒத்தடம் ரெண்டும் வேண்டாம், உணர்ச்சி குறைஞ்ச கை சுட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. குதி ஊண்டாம நுனிக்காலில நடந்தா காலைத் தாங்கிப் பிடிக்கிற அச்சுக்குக் கேளுங்கோ.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. டீச்சரிட்ட நேர போய்க் கதைக்க வேணும், பிள்ளை கெதியாக் களைக்கும், மறக்கும், சிலநேரம் சும்மா சும்மா கோவிக்கும், அது குழப்படியில்ல. எழுத்து மெதுவா வரும், ஸ்கொலர்ஷிப் வகுப்புக்கு வாற நேரம் மேலதிக நேரம் தேவைப்பட்டா கிளினிக் கடிதத்தோட வெள்ளனவே விண்ணப்பிக்க வேணும். வலிப்பு பிறகும் வரலாம், வந்தா சரிச்சுப் படுக்க வச்சு, வாய்க்குள்ள ஒண்டும் வைக்காம, 5 நிமிசம் தாண்டினா 1990.

அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க அக்கா கேக்க வேண்டியதை ஒரு கடதாசியில எழுதிக் குடுத்து விடுங்கோ, டொக்டரின்ர முன்னுக்குப் போனா எல்லாம் மறந்திடும்: குழாயின்ர படத்தில ஒடுக்கம் ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, எக்கோவில ஓட்டை பார்த்ததா, ரத்தத்தில எது பார்த்தாச்சு எது பிறகு பார்க்க வேணும், ஃபெரிட்டின் (உடம்பில சேமிப்பில இருக்கிற இரும்பின்ர அளவு) எவ்வளவு, திரும்ப எம்ஆர்ஐ எப்ப. கொழும்பு 260 கிலோமீட்டர், பிள்ளையோட இரவு பஸ்ஸில போறது லேசில்ல எண்டு தெரியும், இடையில வாற கிளினிக்குகளை திருகோணமலையிலயே காட்டி ஸ்கானுக்கு மட்டும் வரலாமா எண்டும் கேளுங்கோ, கனநேரம் ஓமெண்டுவாங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட் கையில வந்தா பிள்ளையின்ர பேரையும் நம்பரையும் மறைச்சிட்டு குழாய்களைப் பத்தி எழுதியிருக்கிற பந்தியை எனக்கு அனுப்புங்கோ, வாசிச்சு விளங்கப்படுத்துறன்.